அந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு அடியுங்கள்

வெளிநாட்டில் போய் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன் போட நினைக்கிறவரை முதலில் கைவிடுவது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லக்கூடிய அந்த வீட்டு நம்பர்தான். அப்படியே அடித்தால் புரியாத மொழியில் ஒரு பதிவுக் குரல் ஏதோ சொல்லும். சில சமயம் சம்பந்தமே இல்லாத யாரோ எடுப்பார்கள், ஏனென்றால் அதே இலக்கங்கள் அந்த நாட்டில் இன்னொருவருடைய எண்ணாக இருக்கலாம். எண்ணில் பிழை இல்லை. அடிக்கிறவர் நிற்கிற இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நமக்கு மனப்பாடமான எண் நாட்டுக்குள் இருப்பவர்களுக்கானது. உறையின் மேல் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மட்டும் எழுதினால் உள்ளூர்த் தபால்காரர் எப்படியாவது சேர்த்துவிடுவார். அதே உறையை இன்னொரு நாட்டுத் தபால்பெட்டியில் போட்டால் அது எங்கே போகும்? போன் நம்பரும் அப்படித்தான். நாம் முழு நம்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பது பாதி நம்பர். மீதிப் பாதி இதுவரை தேவைப்படவில்லை என்பதால் கண்ணில் படவில்லை.

வெளிநாடு கிளம்புகிற யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்வேன்: போனில் இருக்கிற எல்லா எண்களையும் பிளஸ் குறி, நாட்டுக் குறியீடு சேர்த்து மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள். சொல்ல ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் பிளஸ்ஸையும் போட்டு, நாட்டுக் குறியீட்டையும் போட்டு, எண்ணுக்கு முன்னால் இருக்கும் பழைய பூஜ்யத்தையும் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று தெரியாமல் செய்கிற வேலையில் இப்படி ஆகும். அதனால் ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குழப்பத்துக்கு முக்கியமான காரணம், இரண்டு வேறு வேறு சமாச்சாரங்களை நாம் 'ஐ.எஸ்.டி. கோடு' என்று ஒரே பெயரில் கூப்பிடுவது. ஒன்று, நீங்கள் நிற்கிற நாட்டைவிட்டு அழைப்பு வெளியே போக வேண்டும் என்று அங்குள்ள எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்கிற முன்னெண். இன்னொன்று, எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற நாட்டுக் குறியீடு. முன்னெண் நீங்கள் இருக்கும் இடத்துக்குச் சொந்தம். நாட்டுக் குறியீடு வீட்டுக்குச் சொந்தம். நீங்கள் நாடு மாறினால் முதலாவது மாறும், இரண்டாவது மாறாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறைதான்.

முன்னெண் பெரும்பாலான நாடுகளில் 00. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைப்பதும் அதுதான். ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லா நாடுகளும், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பெரும்பகுதி, இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 011. ஆஸ்திரேலியாவில் 0011. ஜப்பானில் 010. தென் கொரியாவில் 001, 002 என்று எந்த நிறுவனத்தின் வழியாகப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். பிரேசிலில் 00 அடித்துவிட்டு, எந்த நிறுவனம் அழைப்பைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இரண்டு இலக்கம் அடித்துவிட்டுத்தான் நாட்டுக் குறியீட்டுக்கே வர முடியும். ரஷ்யாவில் முதலில் 8, அப்புறம் டோன் வரும்வரை காத்திருந்து 10.

இவை கல்லில் எழுதியவையும் அல்ல. பிரிட்டனில் 1995 ஏப்ரல் வரை முன்னெண் 010. அங்கே நாட்டுக்குள் இருந்த ஊர்க் குறியீடுகளை ஒரே நாளில் மாற்றியபோது இதையும் 00 ஆக்கினார்கள். பிரான்சில் 1996 அக்டோபர் வரை 19 என்று அடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்து டைரி யாரிடமாவது இருந்தால் அதில் எழுதிவைத்திருக்கிற முழு எண் இன்று வேலை செய்யாது. எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது முன்னெண்ணையும் சேர்த்து எழுதக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது உங்கள் வீட்டு எண்ணின் பகுதியே அல்ல. எழுதியவர் அன்றைக்கு எங்கே நின்றார் என்பதற்கான தடயம் மட்டுமே.

அப்படியானால் என்ன எழுதுவது? பிளஸ். எண்ணுக்கு முன்னால் போடுகிற அந்தக் கூட்டல் குறிக்கு, 'இங்கே, நீ நிற்கிற இடத்தின் முன்னெண்ணைப் போட்டுக்கொள்' என்று அர்த்தம். செல்போனில் பெரும்பாலும் பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் வந்துவிடும். பிளஸ் என்பது ஒரு இலக்கமாகக்கூட அனுப்பப்படுவதில்லை. ஜி.எஸ்.எம். என்ற செல்போன் வலையமைப்பில் போன் அழைப்பை அனுப்பும்போது, 'இது எந்த வகை எண்' என்று சொல்வதற்குத் தனியாக ஒரு இடம் இருக்கிறது. பிளஸ் போட்டால் அந்த இடத்தில் 'சர்வதேச எண்' என்று பதிவாகும், பிறகு நாட்டுக் குறியீட்டிலிருந்து இலக்கங்கள் வரிசையாகப் போகும். 00ஆ 011ஆ என்ற கேள்வியே எழாது. டோக்கியோவில் அழுத்தினாலும் டொரன்டோவில் அழுத்தினாலும் ஒரே எண். சாதாரண மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட தொழில்நுட்ப ஏற்பாடுகளில் இவ்வளவு சத்தமில்லாமல் இவ்வளவு தொல்லையைத் தீர்த்த வேறொன்று எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

பிளஸ் உதவாத இடம் லேண்ட்லைன். அதில் அந்தப் பொத்தானே கிடையாது. நண்பர் வீட்டு லேண்ட்லைன், ஓட்டல் அறை போன், அலுவலக மேசை போன் இவற்றில் முன்னெண்ணை நாமே தெரிந்துவைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஓட்டலிலும் அலுவலகத்திலும் அதற்கும் முன்னால் வெளி லைன் பிடிக்க ஒரு இலக்கம் இருக்கும். பல இடங்களில் 9, சில இடங்களில் 0. அமெரிக்காவில் இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. வெளி லைனுக்கு 9, பிறகு 011 என்று அடிக்க வேண்டிய இடத்தில் அவசரத்தில் பூஜ்யத்தை விட்டுவிட்டால் 9, 1, 1 என்று ஆகிவிடும். அது போலீசையும் ஆம்புலன்சையும் கூப்பிடுகிற அவசர எண். தவறிப் போய் அடித்துவிட்டால் பதறிப்போய் லைனை வெட்டாமல், தவறுதலாக அடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வைப்பதுதான் முறை. வெட்டிவிட்டால் ஏதோ ஆபத்து என்று நினைத்துத் திரும்ப அழைப்பார்கள், சில இடங்களில் ஆளையே அனுப்பிவிடுவார்கள்.

சரி, நாட்டுக் குறியீட்டுக்கு வருவோம். எனக்கு இதில்தான் சுவாரஸ்யம் அதிகம்.

ஒரு காலத்தில் நாடு விட்டு நாடு பேசுவதற்கு எண்ணே தேவைப்படவில்லை. ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வணிகரீதியான தொலைபேசிச் சேவை 1927 ஜனவரியில் தொடங்கியது, அதுவும் வானொலி அலைகள் வழியாக. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் முதல் தொலைபேசிக் கேபிள் 1956 செப்டம்பரில்தான் வந்தது. இந்தக் காலம் முழுக்க இரண்டு பக்கமும் ஆபரேட்டர்கள் கையால் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் இல்லாமல் தானாகவே ஒரு எக்ஸ்சேஞ்ச் இன்னொரு நாட்டு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டும் என்றால், நாடுகளுக்கு எண் கொடுத்தாக வேண்டும். 1963இல் லண்டனிலிருந்து பாரிசுக்கு நேரடியாக டயல் செய்ய முடிந்தது. 1970இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அது சாத்தியமானது.

1964இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கூட்டங்களில் உலகத்தை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்தார்கள். மண்டலத்தின் எண்தான் நாட்டுக் குறியீட்டின் முதல் இலக்கம். 1 வட அமெரிக்கா. 2 ஆப்பிரிக்கா. 3, 4 இரண்டும் ஐரோப்பா. 5 மெக்சிகோவிலிருந்து தெற்கே லத்தீன் அமெரிக்கா. 6 தென்கிழக்கு ஆசியாவும் ஓசியானியாவும். 7 சோவியத் ஒன்றியம். 8 கிழக்கு ஆசியா. 9 மேற்கு ஆசியாவும் தெற்கு ஆசியாவும். ஐரோப்பாவுக்கு மட்டும் ஏன் இரண்டு மண்டலம் என்று கேட்டால், அந்தக் கூட்டங்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாரிடம் அப்போது போன்கள் இருந்தன என்பதே பதில். ஆப்பிரிக்கக் கண்டம் மொத்தத்துக்கும் ஒன்று. ஒரு கண்டத்துக்கே ஒரு மண்டலம் என்று கொடுத்துவிட்டு, அப்புறம் அதிலேயே இடம் மிச்சம் இருக்கிறது என்று பனி உறைந்த கிரீன்லாந்தையும் அங்கே போட்டார்கள். அதன் குறியீடு 299.

அடுத்தது நீளம். தொலைபேசிகள் அதிகம் இருந்த, அல்லது அதிகமாகும் என்று எதிர்பார்த்த நாடுகளுக்குக் குட்டையான குறியீடு. வட அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் ஒற்றை இலக்கம். பிரிட்டனுக்கு 44, ஜப்பானுக்கு 81, இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, பிரேசிலுக்கு 55, எகிப்துக்கு 20 என்று இரண்டு. மற்றவர்களுக்கு மூன்று. மொத்த எண் 15 இலக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது இப்போதைய விதி. அதனால் நாட்டுக் குறியீடு குட்டையாக இருந்தால் உள்நாட்டு எண்ணுக்கு இடம் அதிகம் கிடைக்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நீளம் மாறிக்கொண்டே இருந்தால், எக்ஸ்சேஞ்சுக்கு எங்கே நாட்டுக் குறியீடு முடிகிறது என்று எப்படித் தெரியும்? இங்கே ஒரு அழகான கட்டுப்பாடு இருக்கிறது. எந்த நாட்டுக் குறியீடும் இன்னொரு நாட்டுக் குறியீட்டின் தொடக்கமாக இருக்காது. 91 ஒரு நாட்டுக்குப் போய்விட்டது என்றால் 910 முதல் 919 வரை வேறு எந்த நாட்டுக்கும் கொடுக்க முடியாது. 97 எந்த நாட்டுக்கும் இல்லை. ஆகவே ஐக்கிய அரபு அமீரகத்தின் 971, கத்தாரின் 974, நேபாளத்தின் 977 எல்லாம் அதற்குள் பிழைத்துக்கொள்கின்றன. 1 முழுவதும் வட அமெரிக்காவுக்கு, 7 முழுவதும் சோவியத்துக்கு என்று ஆனதால் அந்த இரண்டு இலக்கங்களில் தொடங்கும் வேறு நாட்டுக் குறியீடே கிடையாது. எக்ஸ்சேஞ்ச் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வரும், பட்டியலில் பொருந்திய நொடியில் நிறுத்திக்கொள்ளும். தவறாகப் படிக்க வழியே இல்லை.

அரசியல் வரைபடம் மாறினால் இந்தப் பட்டியலும் மாற வேண்டும். கிழக்கு ஜெர்மனிக்கு 37 என்று ஒரு குறியீடு இருந்தது. 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபின் எல்லோரும் 49க்குப் போய்விட, 37 காலியானது. அதைப் பத்தாகப் பிரித்தார்கள். சோவியத்திலிருந்து வெளியே வந்த லித்துவேனியா 370, லாட்வியா 371, எஸ்டோனியா 372, மால்டோவா 373, ஆர்மேனியா 374, பெலாரஸ் 375. கூடவே அண்டோரா 376, மொனாகோ 377, சான் மரினோ 378. ஒரு நாடு காணாமல் போன இடத்தில் இத்தனை நாடுகள் குடியேறிவிட்டன. 379 வத்திக்கானுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இன்றும் ரோம் நகரத்து எண்களைத்தான் இத்தாலியின் 39 போட்டுப் பயன்படுத்துகிறார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் 42, நாடு பிரிந்தபின் செக் குடியரசுக்கு 420, ஸ்லோவாக்கியாவுக்கு 421 என்று ஆனது. கசகஸ்தான் மட்டும் இன்னும் ரஷ்யாவுடன் சேர்ந்து 7லேயே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, பிடித்தது என்பதைவிட மனதைத் தொந்தரவு செய்வது, கொசோவோவின் கதை. 2008இல் செர்பியாவிலிருந்து சுதந்திரம் அறிவித்த பிறகும் அவர்களுக்குச் சொந்தமாகக் குறியீடு கிடைக்கவில்லை. லேண்ட்லைனுக்கு செர்பியாவின் 381. செல்போன்களில் ஒரு பகுதி மொனாகோவின் 377, இன்னொரு பகுதி ஸ்லோவேனியாவின் 386. ஒரே வீட்டில் மூன்று போன் இருந்தால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை மூன்று வேறு நாடுகளின் குறியீட்டை அடித்து வீட்டைக் கூப்பிட வேண்டும். 2016இல்தான் 383 என்ற சொந்தக் குறியீடு ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து போன் போடுகிறவர்களுக்கு அதற்குப் பிறகுதான் அது ஒரே இடம்.

இப்போது அந்த பூஜ்யம்.

பல நாடுகளில் உள்நாட்டில் வெளியூருக்குப் பேச எண்ணுக்கு முன்னால் ஒரு 0 போட வேண்டும். அந்த 0, 'இது உள்ளூர் அழைப்பு இல்லை, நாட்டுக்குள் வேறு ஊருக்கு' என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதற்காக இருந்தது. அழைப்பு நாட்டுக்கு வெளியிலிருந்து வரும்போது அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து நேராக ஊர்க் குறியீடுதான். ஆகவே பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடித்தால் சில நாடுகளின் எக்ஸ்சேஞ்ச் பெருந்தன்மையாக அதை ஒதுக்கிவிட்டு இணைத்துவிடும், சில இடங்களில் எண் தவறு என்று வந்துவிடும். சில சமயம் போவதாலேயே, 'நான் எப்போதும் பூஜ்யம் போட்டுத்தான் அடிக்கிறேன், போகிறதே' என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தோற்றுப்போவதே நல்லது.

எல்லா நாட்டிலும் அது 0 என்றும் சொல்ல முடியாது. ரஷ்யாவில் 8. ஹங்கேரியில் 06. அவற்றையும் வெளியிலிருந்து அடிக்கும்போது விட்டுவிட வேண்டும். ஸ்பெயின், டென்மார்க், நார்வே, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. உள்ளே அடிக்கிற எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீட்டை ஒட்டினால் முடிந்தது. இவ்வளவையும் கற்றுக்கொண்டு, இனி பூஜ்யத்தைக் கண்டால் வெட்டிவிடலாம் என்று தயாராகும்போது இத்தாலி குறுக்கே வந்து நிற்கும். 1998லிருந்து அங்கே லேண்ட்லைன் எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் 0 எண்ணின் உறுப்பு. ரோமுக்கு +39 06 என்றுதான் அடிக்க வேண்டும், பூஜ்யத்தை எடுத்தால் போகாது. அங்கேயே செல்போன் எண்கள் 3இல் தொடங்கும், அவற்றுக்கு பூஜ்யம் கிடையாது.

அர்ஜென்டினாக்காரர்களின் சிரமத்தோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. அங்கே உள்ளூரில் செல்போனுக்குப் பேசும்போது ஊர்க் குறியீட்டுக்குப் பிறகு 15 போடுவார்கள். வெளிநாட்டிலிருந்து என்றால் அந்த 15ஐ எடுத்துவிட்டு, நாட்டுக் குறியீடு 54க்கு அடுத்து ஒரு 9 செருக வேண்டும். நடுவில் ஒன்றை உருவி முன்னால் இன்னொன்றை நுழைக்கிற வேலை. மெக்சிகோவிலும் 52க்குப் பிறகு செல்போனுக்கு ஒரு 1 போடுகிற வழக்கம் இருந்தது, 2019இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் பழைய காண்டாக்ட் பட்டியல்களில் அந்த 1 இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் குழப்பத்தை வளர்ப்பதில் விசிட்டிங் கார்டு அச்சடிப்பவர்களுக்கும் பங்கு உண்டு. '+44 (0)' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யத்தைப் போட்டு எழுதுகிற பழக்கம் இருக்கிறது. உள்ளூரிலிருந்து அடித்தால் 0 சேர்த்துக்கொள், வெளியிலிருந்து என்றால் விட்டுவிடு என்று சொல்ல நினைக்கிறார்கள். அது தெரிந்தவருக்கு அந்த அடைப்புக்குறி தேவையில்லை, தெரியாதவருக்கு அது புரியாது. சர்வதேச எண்களை எழுதும் முறைக்கான பரிந்துரையே இதைச் செய்யாதே என்கிறது. என் கையில் அதிகாரம் இருந்தால் அந்த அடைப்புக்குறியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிடுவேன்.

வட அமெரிக்காவில் இன்னொரு வகைச் சிக்கல். அங்கே நாட்டுக் குறியீடும் 1, உள்நாட்டில் வெளியூருக்கு அடிக்கிற முன்னெண்ணும் 1. அமெரிக்கா, கனடா மட்டுமல்ல, ஜமைக்கா, பார்படோஸ், பஹாமாஸ், டொமினிகன் குடியரசு போன்ற கரீபியன் நாடுகளும் அதே 1க்குள் இருக்கின்றன. டொமினிகன் குடியரசின் 809ம் ஜமைக்காவின் 876ம் பார்வைக்கு அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊர்க் குறியீடு போலவே இருக்கும். 011 அடிக்க வேண்டியதில்லை. அதனால் வெளிநாட்டுக்குப் பேசுகிறோம் என்ற எச்சரிக்கையே மனதில் எழாது, ஆனால் பில்லில் வெளிநாட்டுக் கட்டணம் வரும். இதை வைத்தே மோசடிக் கும்பல்கள் பிழைக்கின்றன. ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டிவிடுவார்கள், யாரென்று பார்க்க நாம் திருப்பிக் கூப்பிட்டால் அவர்களுக்குக் காசு. ஜப்பானியர்கள் வைத்த 'வாங்கிரி' என்ற பெயரிலேயே இந்த ஏமாற்று உலகம் முழுக்க அறியப்படுகிறது.

இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அதுவும் முன்கூட்டியே. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது என்றால் எந்த வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தாலும் பிள்ளைதான் என்று நினைத்துத் திருப்பி அடிக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். 'என்னுடைய எண் இந்தக் குறியீட்டில்தான் தொடங்கும், வேறு எதில் தொடங்கினாலும் திருப்பிக் கூப்பிடாதே' என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வருவது நல்லது. எதிர்ப்பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. மலிவு விலையில் அழைப்பைக் கொண்டுபோகும் சில இடைத்தரகர்கள் அதை இணையம் வழியாகக் கொண்டுவந்து, உள்நாட்டில் ஒரு பெட்டியில் செருகி வைத்திருக்கும் சிம்கள் மூலம் வெளியே விடுவார்கள். பல நாடுகளில் இது சட்டவிரோதம். வீட்டில் பார்த்தால் முன்பின் தெரியாத உள்ளூர் எண் ஒன்று மின்னும். ஏதோ விளம்பரக் கால் என்று எடுக்காமல் விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் இருப்பவருக்கோ, அம்மா ஏன் எடுக்கவில்லை என்று கவலை.

வெளிநாட்டுக்குப் பேச முன்பணம் கொடுத்து வாங்கிய காலிங் கார்டு காலத்தில் எனக்கு இது அடிக்கடி நடந்தது. அந்தக் கார்டுகளை இப்போது நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. சுரண்டி எடுத்த ரகசிய எண், அதற்கு முன்னால் அடிக்க வேண்டிய உள்ளூர் எண், மொழி தேர்வு செய்ய ஒரு இலக்கம், அப்புறம்தான் வீட்டு எண். அதிலும் சில கார்டுகள் முன்னெண்ணைச் சேர்த்து அடிக்கச் சொல்லும், சில கார்டுகள் நேராக நாட்டுக் குறியீட்டில் தொடங்கச் சொல்லும். நடுவில் ஒரு இலக்கம் தவறினால் முதலிலிருந்து. எல்லாம் சரியாக அடித்து முடித்தபின் ஒரு குரல் வந்து உங்களுக்கு இத்தனை நிமிடம் பாக்கி இருக்கிறது என்று சொல்லும். அந்தக் கணக்கை நம்பிப் பேசத் தொடங்குவதும், பாதியில் அறுந்துபோவதும் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

இப்போது வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயம். ஆனால் வாட்ஸ்அப்பும் உங்களை அந்த முழு எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. காண்டாக்டில் நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்த எண்ணை, அது உங்கள் சொந்த எண்ணின் நாட்டைச் சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்ளும். புதிய நாட்டு சிம்மைப் போட்டு வாட்ஸ்அப் எண்ணையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நேற்றுவரை தெரிந்த நண்பர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போவது இதனால்தான். ஆட்கள் எங்கும் போகவில்லை, எண்கள் புதிய நாட்டு எண்களாக வாசிக்கப்படுகின்றன. பிளஸ் போட்டு மாற்றினால் திரும்பி வந்துவிடுவார்கள்.

தவிர, எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை. பட்டன் போனோடு இருக்கிற பெரியவர்கள், மருத்துவமனை வரவேற்பு மேசை, வங்கி, பள்ளிக்கூடம், வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று சாதாரண அழைப்பு மட்டுமே போகிற இடங்கள் எப்போதும் மிச்சம் இருக்கின்றன. அவசரம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. வங்கி என்றதும் ஒன்று: கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் கட்டணமில்லா எண்ணும், நாலைந்து இலக்கக் குறு எண்களும் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் வேலை செய்யாது. அவற்றை நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அடித்தாலும் பல சமயம் போகாது, ஏனென்றால் அவை பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டும் உயிரோடு இருக்கிற எண்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிட என்றே பல வங்கிகள் பிளஸ்ஸில் தொடங்கும் சாதாரண எண் ஒன்றை வைத்திருக்கும். அதைக் கார்டு தொலைந்தபின் தேடுவது கஷ்டம். முதலிலேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். கார்டு தொலைகிற நாளில் போனும் சேர்ந்து தொலையலாம்.

இந்த வேலையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறோமா என்று விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட முடியும். செல்போனில் பிளஸ்ஸும் சொந்த நாட்டுக் குறியீடும் போட்ட எண், சொந்த நாட்டுக்குள்ளேயும் சாதாரண அழைப்பாகத்தான் போகும். கூடுதல் கட்டணம் வராது. ஆகவே எல்லா எண்களையும் மாற்றியபின் வீட்டில் உட்கார்ந்தபடியே, டயல் பண்ணாமல் காண்டாக்டிலிருந்தே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாருங்கள். ரிங் போகாத எண்ணில் பெரும்பாலும் பழைய பூஜ்யம் ஒட்டிக்கொண்டிருக்கும். லேண்ட்லைன் எண்களைத் தனியாக ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் உள்ளூரில் இருக்கும்போது ஊர்க் குறியீடு போட்டு அடித்தே இருக்க மாட்டோம். சேமித்த எண்ணிலும் அது இருக்காது. பிளஸ், நாட்டுக் குறியீடு, பூஜ்யம் இல்லாத ஊர்க் குறியீடு, அப்புறம் எண். இத்தாலிக்காரர்கள் மட்டும் பூஜ்யத்தோடு.